ஒரே படிகத்துக்கு எத்தனை எண்?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நவம்பர் மாதம். திருநெல்வேலியில் நாலு நாளாக விடாத மழை. குறுக்குத்துறை முருகன் கோவில் தண்ணிக்குள்ளே போய்விட்டது, சுலோசன முதலியார் பாலத்தில் ஊரே நின்று ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலைமானிக்கு (எஃப்.டி.ஐ.ஆர். என்று சொன்னால்தான் எங்க ஆட்களுக்கே புரியும்) பொறுப்பாளனாக இருந்தேன். அன்றைக்குக் கூரியரில் ஒரு சின்ன டப்பா வந்தது. பஞ்சுக்குள்ளே மூன்று கண்ணாடித் துண்டுகள் மாதிரி. அனுப்பியவன் பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவன். பெங்களூரில் அலையியற்றிகளுக்கான குவார்ட்ஸ் படிகம் அறுத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறான்.

"மாப்ள, வித்தவன் 'ஏ' தரம்னு பேப்பர் குடுத்துருக்கான். ஆல்ஃபா 0.031னு போட்டிருக்கு. பாதிப் பணம் குடுத்தாச்சு. மீதியைக் குடுக்கறதுக்கு முன்னால நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு" என்றான்.

நான் பார்த்தேன். 0.092 வந்தது. 'ஏ' கிடையாது, 'பி', 'சி', 'டி' எல்லாம் தாண்டி 'இ'. கடைசி வகுப்பு. போன் போட்டு, "ஏமாத்திட்டான்ல ஒன்னைய" என்று சொல்லிவிட்டேன். அவனும் விற்றவரிடம் எகிறிவிட்டான். அந்தத் தப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தப்பு விற்றவருடையது இல்லை.

முதலில் இந்தப் படிகத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்ம ஆற்றில் கிடக்கிற வெங்கச்சாங்கல்லும் இதுவும் ஒரே பொருள்தான், சிலிக்கான் டை ஆக்சைடு. வித்தியாசம், இது தொழிற்சாலையில் வளர்த்தது. கனமான எஃகு உருளை ஒன்றின் அடியில் சுத்தமான இயற்கைக் குவார்ட்ஸ் துண்டுகளைப் போட்டு, மேலே மெல்லிய விதைத் தகடுகளைத் தொங்கவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடோ சோடியம் கார்பனேட்டோ கலந்த தண்ணீரை ஊற்றி மூடிவிடுவார்கள். சுமார் 350 டிகிரி சூடு, வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அழுத்தம். அடியில் கொஞ்சம் சூடு அதிகம், மேலே குறைவு. அடியில் கரைவது மேலே போய் விதையில் படியும். இத்தாலியில் டூரின் நகரத்தில் ஸ்பெட்சியா என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டினார். ஆனால் அது தொழிலாக மாறியதற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். ராணுவ ரேடியோக்களுக்கு வேண்டிய நல்ல குவார்ட்ஸ் பெரும்பாலும் பிரேசிலில் இருந்து வரவேண்டியிருந்தது. கப்பல் வராவிட்டால் ரேடியோ இல்லை. போர் முடிந்ததும் அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் பிரஷ் நிறுவனமும் மும்முரமாக இறங்கி, 1950களில் இதை உற்பத்தி அளவுக்குக் கொண்டுவந்தன.

இப்போது கையில் கட்டியிருக்கிற வாட்சில் இருந்து ரேடார் வரைக்கும் நேரம் சொல்வது இந்தக் கல்தான். ஓசூரில் டைட்டன் செய்கிற குவார்ட்ஸ் வாட்சுக்குள்ளே நொடிக்கு 32,768 தடவை அதிர்கிற ஒரு சின்னக் கவை இருக்கும். நம்ம ஊர்ப் பக்கத்திலேயே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 1992இல் இருந்து அங்கே 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்துக்கொண்டு தலைக்கு மேலே 80, 90 கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளக்கிறார்கள். அந்த மாதிரிக் கருவி எதுவாக இருந்தாலும் தாளம் தப்பாத ஓர் அலையியற்றி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

தாளம் தப்பாமல் இருப்பதற்கு அளவு என்ன? அதைத்தான் 'க்யூ' என்கிறார்கள். நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்து இசைத்தூணைத் தட்டியிருப்பீர்கள். 'ணிங்' என்று ஒரு சத்தம், உடனே அடங்கிவிடும். வெண்கல மணி அடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் ரீங்காரம் இருக்கும். தட்டின பிறகு எவ்வளவு அதிர்வுகள் தாங்குகிறது என்பதுதான் க்யூ. நல்ல குவார்ட்ஸுக்கு இது 30 லட்சம். அதாவது ஒரு தடவை தட்டிவிட்டால் கிட்டத்தட்ட பத்து லட்சம் தடவை அதிர்ந்த பிறகுதான் வீச்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்.

க்யூவைக் கெடுப்பது எது? முக்கியமான எதிரி ஹைட்ரஜன். தண்ணிக்குள்ளே வளர்ந்த கல் இல்லையா, வளரும்போதே கொஞ்சம் ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஓ.எச். ஆக உட்கார்ந்துவிடும். கல் அதிரும்போது இந்த இடங்கள் அதிர்வின் ஆற்றலைத் தின்று வெப்பமாக்கிவிடும். இதில் வியாபாரத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கல்லை வேகமாக வளர்த்தால் ஹைட்ரஜன் அதிகமாக உள்ளே போகும். நாளைக்கு அரை மில்லிமீட்டர் வளர்க்கிறவனும் ஒரு மில்லிமீட்டர் வளர்க்கிறவனும் விற்பது கண்ணுக்கு ஒரே கல். தெளிவு ஒன்று, பளபளப்பு ஒன்று. ஆனால் இரண்டாவது ஆளுக்கு உலைச்செலவு கிட்டத்தட்ட பாதி. அவசரப்பட்டு வளர்த்த கல்லை யாராவது கண்டுபிடித்துச் சொன்னால்தான் பொறுமையாக வளர்க்கிறவனுக்குப் பிழைப்பு.

முன்பெல்லாம் கண்டுபிடிக்க ஒரே வழி, கல்லை அறுத்து, வில்லை மாதிரி தேய்த்து, மின்முனை பூசி, வெற்றிடத்தில் அடைத்து, நிஜமாகவே 5 மெகாஹெர்ட்ஸில் அதிரவைத்துப் பார்ப்பது. கை தேர்ந்த ஆளுக்கே நாள்கணக்கில் ஆகும் வேலை. வில்லையைச் சரியாகத் தேய்க்கவில்லை என்றால் கெட்டது கல்லா கைவேலையா என்றும் தெரியாது. 1965இல் டாட், ஃப்ரேசர் என்ற இரண்டு பேர் ஒரு குறுக்குவழியைக் காட்டினார்கள். ஓ.எச். பிணைப்பு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். சென்டிமீட்டருக்கு சுமார் 3,500 அலைகள் உள்ள ஒளி, அதாவது ஏறக்குறைய 2.86 மைக்ரான். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் உள்ளே எவ்வளவு ஹைட்ரஜன் என்று தெரியும். அதிலிருந்து க்யூவை ஊகிக்கலாம். நாள்கணக்கு வேலை பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

எல்லாரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்ட உடனே சண்டையும் வந்தது. ஏன்னா ஒரே தகட்டை நாலு ஆய்வகத்துக்கு அனுப்பினால் நாலு எண் வந்தது. ஏன் என்று எனக்குப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மூன்று தகடுகள்தான் சொல்லிக்கொடுத்தன.

ஜெனீவாவில் இருக்கிற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60758ஆம் எண் தரநிலை இதற்குத்தான். அது சொல்வது ரொம்ப எளிமையாக இருக்கும். தகட்டின் வழியாக 3,800இல் எவ்வளவு ஒளி வருகிறது என்று பார். அங்கே ஓ.எச். உறிஞ்சாது. அடுத்து 3,500இல் (அல்லது 3,410, 3,585 இவற்றில் ஒன்றில்) எவ்வளவு வருகிறது என்று பார். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, லாக் எடுத்து, சென்டிமீட்டரில் தகட்டின் தடிமனால் வகுத்துவிடு. அதுதான் ஆல்ஃபா. 3,500இல் ஆல்ஃபா 0.033க்குள் இருந்தால் 'ஏ', 0.045க்குள் 'பி', 0.060க்குள் 'சி', 0.080க்குள் 'டி', 0.120க்குள் 'இ'.

ஏன் இரண்டு இடத்தில் அளந்து வகுக்க வேண்டும்? கல்லின் மேற்பரப்பில் பட்ட ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கு போலத் திரும்பிப் போய்விடும், வெளியே வருகிற பக்கத்திலும் அப்படியே. அது ஹைட்ரஜனின் குற்றம் இல்லை. இரண்டு அலை எண்களிலும் இந்த நஷ்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் வகுக்கும்போது அடிபட்டுப் போகும். அழகான யோசனை.

இப்போது என் தப்பு. 'லாக் எடு' என்பதில் எந்த லாக்? தரநிலை சொல்வது பத்தை அடியாகக் கொண்டது. நான் இயற்பியல்காரன், கை பழக்கத்தில் இயற்கை மடக்கையைப் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் இடையே 2.303 மடங்கு. 0.092ஐ 2.303ஆல் வகுத்தால் 0.040. 'இ' தரம் ஒரே நொடியில் 'பி' ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு இதைக் கண்டுபிடித்தேன். உடனே போன் பண்ணவில்லை, வெட்கம். காலையில்தான் சொன்னேன். "ஏல, அந்த மனுஷனை நான் என்னவெல்லாம் பேசிட்டேன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஆனால் 0.040 என்பதும் 0.031 இல்லையே. 'பி'க்கும் 'ஏ'க்கும் விலை வித்தியாசம் உண்டு. அவனுடைய வாடிக்கையாளர் 'ஏ' கேட்டிருந்தார். இந்த மீதி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்று ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் தடிமன் தகட்டில், ஆல்ஃபா 0.033 என்றால் 3,500இல் வருகிற ஒளி 3,800இல் வருவதில் 92.7 சதவீதம். 0.045 என்றால் 90.2 சதவீதம். 'ஏ'யின் எல்லைக்கும் 'பி'யின் எல்லைக்கும் நடுவே இருப்பது இரண்டரை சதவீத ஒளிதான். தகடு அரை சென்டிமீட்டர் என்றால் வித்தியாசம் இன்னும் பாதியாகச் சுருங்கும். அளவீட்டில் அரை சதவீதம் பிசகினால் ஆல்ஃபாவில் 0.002 போய்விடும்.

முதல் தகட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தடிமன் 10 மில்லிமீட்டர் என்று டப்பா மேல் எழுதியிருந்தது, அதை அப்படியே நம்பிவிட்டேன். மைக்ரோமீட்டரில் வைத்தால் 10.3. எண் 0.039 ஆனது.

அடுத்தது மழை. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். காற்றில் இருக்கிற நீராவியும் இதே வட்டாரத்தில்தான் அகச்சிவப்பை உறிஞ்சும், 3,500இல் இருந்து 3,900 வரைக்கும் கூரான கோடுகள் வரிசையாக நிற்கும். ஆல்ஃபாவுக்கு அடிப்படையாக வைக்கிற 3,800 அந்தக் கூட்டத்துக்கு நடுவில். தகடு வைக்காமல் ஒரு தடவை, வைத்து ஒரு தடவை என்று இரண்டு முறை அளப்போம். இரண்டுக்கும் நடுவே அறையின் ஈரம் மாறாமல் இருந்தால் கோடுகள் அடிபட்டுப் போகும். நான் காலையில் ஏசி போடுவதற்கு முன்னால் வெறும் அளவீட்டை எடுத்துவிட்டு, மத்தியானம் அறை காய்ந்த பிறகு தகட்டை வைத்திருந்தேன். அதனால் 3,800இல் இருக்கவேண்டியதைவிட அதிக ஒளி வருவதாகக் கருவி காட்டியது, ஆல்ஃபா ஊதிவிட்டது. கருவிக்குள்ளே ஈரம் உறிஞ்ச வைத்திருந்த சிலிக்கா ஜெல்லைத் திறந்து பார்த்தால் நீலம் போய் இளஞ்சிவப்பு. அதுவும் சிலிக்கான் டை ஆக்சைடுதான் என்று ஒரு சிரிப்பு வந்தது. புது ஜெல் போட்டு, உலர்ந்த நைட்ரஜனை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு அளவீட்டையும் அடுத்தடுத்து எடுத்தேன். 0.037.

இதற்கு நடுவே எங்கள் மாணவன் ஒருவன், "சார், ஆத்துல கிடக்கற வெங்கச்சாங்கல்லையும் வச்சுப் பாப்போமா?" என்றான். பாப்போமே. ஒரு கூழாங்கல்லை இரண்டு பக்கமும் அறுத்து, தேய்த்து வைத்தோம். ஒளியே சரியாக வெளியே வரவில்லை. அந்தக் கல் வெள்ளையாக இருப்பதற்குக் காரணமே உள்ளே சிக்கியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத திரவத் துளிகள்தான். அவை ஒளியைச் சிதறடிக்கும். வந்த கொஞ்ச ஒளியிலும் 3,400 பக்கம் அகலமான ஒரு பள்ளம், சாதாரணத் தண்ணீரின் அடையாளம். குவார்ட்ஸுக்குள் தண்ணீர் துளியாக உட்கார்ந்திருப்பது வேறு, ஓ.எச். ஆகப் பிணைந்து உட்கார்ந்திருப்பது வேறு என்பதை அவனுக்கு நான் வகுப்பில் சொல்லியிருந்தால் மறந்திருப்பான். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

சரி, தகட்டுக்கு வருவோம். அடுத்த சிக்கல், தகட்டில் எந்த இடத்தை அளக்கிறோம் என்பது. செயற்கைக் குவார்ட்ஸ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளராது. விதையில் இருந்து மேலும் கீழும் இசட் திசையில் வளர்ந்த பகுதிதான் சுத்தமானது. பக்கவாட்டில் எக்ஸ் திசையில் வளர்ந்த பகுதி அழுக்கை அதிகம் இழுத்துக்கொள்ளும். நடுவே விதை வேறு. அதன் வரலாறு தனி. என் கருவியின் ஒளிக்கற்றை பத்து மில்லிமீட்டர் அகலம். நான் அளந்தது இசட் பகுதியோடு பக்கத்து வீட்டையும் சேர்த்து. கறுப்பு அட்டையில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, இசட் பகுதிக்கு நடுவில் மட்டும் ஒளியை விட்டேன். 0.035.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். அதே இடத்தில் தகட்டை 90 டிகிரி திருப்பி வைத்தால் எண் 0.003 மாறுகிறது. ஓ.எச். பிணைப்புகள் படிகத்துக்குள் கண்டபடி நிற்கவில்லை, குறிப்பிட்ட திசைகளில் நிற்கின்றன. கருவியில் இருந்து வருகிற ஒளியும் முழுக்கக் கலந்த ஒளி இல்லை, உள்ளே பட்டுத் தெறித்து வருவதில் கொஞ்சம் தளவிளைவு ஏறியிருக்கும். ஆகவே தகட்டை எந்தத் திசையில் நிறுத்தவேண்டும் என்பதைக்கூட முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். நேராக வைத்தாயா படுக்கையாக வைத்தாயா என்று வாங்குகிறவன் விற்கிறவனிடம் கேட்பதே இல்லை. நானும் கேட்டதில்லை.

கருவி பழையதா புதியதா என்பதும் உண்டு. 3,500இல் இருப்பது அகலமான உறிஞ்சல். மங்கலாகப் பார்க்கிற பழைய கருவியும் அதன் ஆழத்தை ஏறக்குறைய சரியாகச் சொல்லும். 3,585இல் இருப்பது கூரான கோடு. கருவியின் பிரிதிறன் போதாவிட்டால் அதன் ஆழம் குறைந்து தெரியும், மோசமான கல் நல்ல கல்லாகத் தெரியும். அதனால் எந்த அலை எண்ணில் அளந்தது என்று எழுதாமல் வெறுமனே 'ஆல்ஃபா இவ்வளவு' என்று பேப்பர் கொடுத்தால் அதை நம்பக்கூடாது. மூன்று அலை எண்ணுக்கும் தர எல்லைகள் வேறு வேறு.

இத்தனையும் செய்த பிறகும் 0.035தான். கருவிக்குக் கருவி இருக்கிற சொந்தக் கோணலைக் கணக்கு போட்டு எடுக்க முடியாது. அதற்கு ஒரே வழி, மதிப்பு ஏற்கெனவே தெரிந்த தகடுகளை அளந்து பார்ப்பது. மளிகைக்கடைத் தராசுக்கு முத்திரை போட்ட படிக்கல் மாதிரி. தரநிலையின் புதிய பதிப்பிலும் இந்தத் திருத்தத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள். நண்பன் கோபம் தணிந்து பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் கெஞ்சி, அந்த மாதிரி நாலு தகடுகளை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி அனுப்பினான். நான் அளந்த எண்களை ஓர் அச்சிலும், அவற்றின் உண்மையான எண்களை இன்னோர் அச்சிலும் போட்டு ஒரு கோடு இழுத்தேன். நாலு புள்ளியும் கோட்டிலேயே விழுந்தன. ஆனால் கோடு கொஞ்சம் சாய்வாக. என் எண்ணை 0.95ஆல் பெருக்கி 0.001ஐக் கழித்தால் அவர்கள் எண் வருகிறது.

அந்தக் கோட்டை வைத்துத் திருத்தியதும், முதல் தகடு 0.032. விற்றவர் சொன்னது 0.031. ஐந்து தடவை திரும்பத் திரும்ப அளந்தால் எனக்கே 0.001 முன்னே பின்னே வருகிறது. ஆக இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறோம்.

இரண்டாவது தகடு 0.033, சரியாக எல்லைக்கோட்டில். மூன்றாவது 0.036. அது 'பி' தான், எத்தனை தடவை அளந்தாலும். விற்றவரிடம் அந்த மூன்றாவது கட்டையைப் பற்றி மட்டும் பேசினார்கள். வரைபடங்களை அனுப்பினேன். அவர் தன்னிடம் இருந்த வரைபடத்தை அனுப்பினார். அதில் அவர் அளந்தது கட்டையின் ஒரு முனையில், நாங்கள் அறுத்தது மறு முனையில். ஒரே கட்டையிலும் முனைக்கு முனை மாறும். அவர் பொய் சொல்லவில்லை, நானும் இந்தத் தடவை தப்பாக அளக்கவில்லை. அந்தக் கட்டையை 'பி' விலைக்குக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். நண்பன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். அப்போது நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

அதற்கப்புறம் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு லாட்டோடும் விற்பவர் தான் அளந்த தகட்டையே சேர்த்து அனுப்புவார், எந்த இடத்தில் ஒளி விட்டது என்று பென்சிலில் வட்டம் போட்டு, எந்தத் திசையில் நிறுத்தியது என்று அம்புக்குறி போட்டு. பேப்பரில் 'பத்தடி மடக்கை' என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறார். அது எனக்காகத்தான்.

எல்லைக்கோட்டில் நின்ற அந்த இரண்டாவது தகட்டை நண்பன் என்னிடமே விட்டுவிட்டான். மழைக்காலம் தொடங்கியதும் முதல் வேலையாக அதைக் கருவியில் வைத்து அளப்பேன். திருத்திய எண் 0.033 வந்தால் மற்ற வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் முதலில் சிலிக்கா ஜெல்லைப் பார்க்க வேண்டும்.